வெள்ளைத்தாளில் மூன்று வட்டம்

வீட்டுப்பாடம் செய்யாமல் போன நாட்களில் நான் பள்ளிக்கூடத்தில் சொன்ன சாக்குகளை எல்லாம் ஒன்றாக்கிக் கட்டினால் ஒரு வேதாகமத் தடிப்புக்கு வரும். அவற்றில் ஒன்றே ஒன்றுதான் உண்மை. அந்த ஒன்றுதான் எங்கள் வீட்டுக்குப் பொலிஸைக் கூட்டிக்கொண்டு வந்தது. அன்றோடு உண்மைக்கும் எனக்கும் இருந்த கொஞ்சநஞ்சப் பழக்கமும் விட்டுப்போனது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கனடாவில், மொன்றியலில், கார்ட்டியர்வில் பக்கம், மூன்றாம் மாடியில் நாலரை என்று சொல்கிற வீடு. அந்த அரை என்பது குளியலறை. மிச்ச நாலுக்குள் அப்பா, அம்மா, நான், மாமா. மாமா அம்மாவின் தம்பி. முன்னறைச் சோபாதான் அவருடைய அறை, கட்டில், அலுமாரி எல்லாம். அப்பா ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவப் பின்னேரம் போனால் நான் நித்திரையான பிறகுதான் வருவார். காலையில் நான் பள்ளிக்கூடம் போகும்போது அவர் நித்திரை. ஆகவே இந்தக் கதையில், கிட்டத்தட்டக் கடைசிவரை, அவர் வாசலில் கிடக்கும் ஒரு சோடிச் சப்பாத்து மட்டும்தான்.

ஐந்தாவதாகவும் ஒரு ஆள் இருந்தா. அவ இன்னும் வந்து சேரவில்லை. ஊரில் சண்டை நின்றிருந்த காலத்தில் மாமா மன்னாருக்குப் போய், கோயிலில் கலியாணம் கட்டி, மூன்று கிழமையில் தனியாகத் திரும்பி வந்திருந்தார். மாமி அங்கே. மாமியைக் கூப்பிடுகிற பேப்பர் ஒட்டாவாவில். அந்தப் பேப்பர் சரிவரும்வரை எங்கள் வீட்டில் அம்மாவின் சட்டம் அமுலில் இருந்தது: மாமாவின் பேரிலோ, மாமா இருக்கிற விலாசத்தின் பேரிலோ எந்த அரசாங்கக் கந்தோரிலும் ஒரு எழுத்து விழக்கூடாது. சிவப்பு விளக்கில் றோட்டைக் கடக்கக்கூடாது. பல்கனியில் நின்று சத்தம் போடக்கூடாது. யாரோ எங்கள் கட்டிடத்துக்கு முன்னால் விட்டுவிட்டுப் போன சுப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியைக்கூட அம்மா பனிக்குள்ளால் தானே தள்ளிக்கொண்டு போய்க் கடை வாசலில் விட்டுவிட்டு வந்தா.

"அவளின்ர விசா வந்து, அவள் பிளேனால இறங்கி, இந்தக் கதிரையில வந்து குந்தின பிறகு நீங்கள் ஆடுற ஆட்டத்தை ஆடுங்கோ," என்பா. "அதுமட்டும் ஒருத்தரும் மூச்சு விடப்படாது."

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் மாமா துவக்கு வாங்கிக்கொண்டு வந்தார்.

களவாக இல்லை. புவாண்ட்-கிளேரில் ஒரு பெரிய சாமான் கிடங்கில் அவருக்கு போர்க்லிப்ட் ஓட்டுகிற வேலை. அவரோடு வேலை செய்த கியூபெக்காரன் ஒருவன் ஒவ்வொரு இலையுதிர்காலமும் மான் சுடப் போகிறவன். மாமா அவனை, மிஸ்டர் என்கிறதுபோலப் பிரெஞ்சில், 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். எனக்கு இன்றுவரை அவனுடைய பேர் தெரியாது. முதலில் மான் இறைச்சி வந்தது. பிறகு முசியே மாமாவைச் சுடுகிற கிளப்புக்குக் கூட்டிப்போனான். பிறகு வகுப்பு, சோதனை, படிவம், போட்டோ, மாதக்கணக்கில் காத்திருப்பு. கடைசியில் தபாலில் ஒரு லைசன் அட்டை.

மாமா அந்த அட்டையை இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் மூன்று நாள் வைத்தார். அவரிடம் அதற்கு ஒரு நியாயமும் இருந்தது.

"அக்கா, யோசிச்சுப் பார். என்னைத் துருவித் துருவிப் பாத்திட்டுத்தானே இதைத் தந்திருக்கிறாங்கள். துவக்கு வச்சிருக்க விட்டவங்கள் பெண்சாதியை வச்சிருக்க விடமாட்டாங்களோ?"

"உனக்கு விசர் முத்திப்போச்சு," என்றா அம்மா.

மாமா கேட்கவில்லை. அரசாங்கமே கொடுத்த நன்னடத்தைப் பத்திரம் என்று சொல்லி அட்டையைப் போட்டோக் கொப்பி எடுத்து, மாமியின் பேப்பர்களோடு சேர்த்து உறைக்குள் வைத்து ஒட்டிவிட்டார். அடுத்த நாள் அம்மா அந்த உறையைக் கேத்தில் ஆவியில் பிடித்துத் திறந்து, கொப்பியை வெளியே எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப ஒட்டினா. அது மாமாவுக்குத் தெரியாது. நான் கதவுக்குப் பின்னால் நின்றது அம்மாவுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்று தெரியாமல் இருந்தபடியால்தான் சமாதானமாக இருந்தோம்.

ஒருமுறை முசியே மாமாவைக் காரில் கொண்டுவந்து இறக்கியபோது கண்ணாடியை இறக்கி என்னோடு கதைத்தான். உன் மாமா கெட்டிக்காரன், என்றான். புதிதாகப் பழகுகிறவன் ஒரு துவக்கைக் கழற்றிப் பூட்ட அரை மணித்தியாலம் எடுப்பான், இவர் என்னைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே பூட்டி முடித்துவிட்டார், என்றான். நான் அதை மாமாவிடம் சொன்னேன்.

"வீடியோவில பாத்தனான்," என்றார் மாமா.

எங்கள் வீட்டில் இருந்த வீடியோ எல்லாம் கலியாண வீடியோதான். அதில் யாரும் துவக்குப் பூட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அவற்றை நான் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததும் இல்லை.

முசியே தோட்டாவைக் கடையில் வாங்குகிற ஆள் இல்லை. சுட்ட பிறகு நிலத்தில் விழுகிற வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி, கழுவி, அவற்றுக்குள் திரும்ப வெடிமருந்து நிரப்பி, முனையில் ஈயத்தைப் பொருத்தித் தானே செய்துகொள்வான். தன்னுடைய பழைய கைமிசின் ஒன்றை மாமாவுக்கும் கொடுத்தான். மாமா அதைச் சோபாவுக்குப் பக்கத்து மேசையில் பூட்டினார். மருந்து நிறுக்கிறதற்கு ஒரு குட்டித் தராசு, தட்டானிடம் இருக்கிறது போல. துவக்கு இரும்புப் பெட்டிக்குள், பெட்டி அலுமாரிக்குள், இரண்டு திறப்பும் மாமாவின் கழுத்துச் சங்கிலியில், மாதா சுரூபத்தோடு.

வில்லங்கம் கரியில் தொடங்கியது. கிளப்பிலிருந்து வந்ததும் மாமா துவக்குக் குழலுக்குள் துணியை விட்டு இழுப்பார். வெள்ளையாகப் போகிற துணி கருப்பாக வரும். ஒருநாள் அந்தத் துணி அம்மாவின் உடுப்புக் கூடைக்குள் விழுந்துவிட்டது. அந்தக் கிழமை உடுப்பு மிசினுக்குள் கிடந்தது என்னுடைய புதுநன்மைச் சட்டை, கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கத் தைத்தது. அம்மா அதை எடுத்து உதறித் தூக்கிப் பிடித்தா. பால் வெள்ளைச் சட்டை. நெஞ்சில், சரியாக இருதயம் இருக்கிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு.

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. சட்டையைக் கரி உள்ளுக்குப் போகும்படி மடித்தா. பிறகு மாமாவைப் பார்த்துச் சொன்னா:

"கரி விடாத மருந்து எண்டு ஒண்டு இருந்தால் கொண்டுவா. இல்லாட்டி எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போய் அவனிட்டையே குடு. இந்த வீட்டுக்குள்ள எனக்குக் கரி வேண்டாம், தம்பி."

அம்மா மாமாவைத் 'தம்பி' என்று கூப்பிட்டால் பகிடி முடிந்தது என்று அர்த்தம்.

அதிலிருந்து மாமாவுக்கு அதே யோசனை. சுத்தமாக எரிகிற மருந்து எது? முசியே ஒரு டின்னைக் காட்டி இதுதான் என்றான். அவனுடைய மச்சான் இன்னொன்று என்றான். கிளப்பில் இருந்த கிழவன் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது என்று மூன்றாவது ஒன்றைச் சொன்னான். மாமா மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் யாரையும் நம்பவில்லை. தன்னிடம் ஒரு பரீட்சை இருக்கிறது என்றார்.

வெள்ளைத்தாளில் ஒரு சிட்டிகை மருந்தை வைத்து நெருப்புக் காட்டுகிறது. பக்கென்று எரிந்து அடங்கும். தாள் வெள்ளையாகவே இருந்தால் மருந்து சுத்தம். கரி வட்டம் விழுந்தால் ஊத்தை. ஊரில் தன் ஐயா முயல் வேட்டைக்குப் போகமுன் அப்படித்தான் பார்ப்பார் என்றார் மாமா.

இந்த ஐயா, அதாவது என் அம்மப்பா, நான் பிறக்க முன்னமே செத்துப்போனவர். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமாவின் முயல் கதைகளில் வந்ததுதான். பத்தைக்குள் பதுங்கியிருக்கிற முயல், நிலா வெளிச்சத்தில் சிவக்கிற முயல் கண், ஐயாவின் நீட்டுத் துவக்கு, இரண்டு காதிலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிற மாமா. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். கதை தொடங்கியதும் அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவா. அவவுக்கு முயலைக் கண்டால் பாவம் என்று நினைத்திருந்தேன்.

மாமா பல்கனியில் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தார். வெள்ளைத்தாள் தேடினார். எங்கள் வீட்டில் வெள்ளைத்தாள் என்று இருந்தது என்னுடைய பள்ளிக்கூடப் பைக்குள் மட்டும்தான். நான் பத்துப் பிரெஞ்சுச் சொற்களை எழுதி மறுநாள் கொண்டுபோகவேண்டிய தாள் அது. மேலே பள்ளிக்கூடத்தின் பேரும் என்னுடைய பேரும் அச்சடித்திருந்தது. மற்றப்படி தூய வெள்ளை, ஏனென்றால் நான் ஒன்றுமே எழுதவில்லை. மாமா அதைத் திருப்பிப் போட்டு மூன்று இடத்தில் மருந்து வைத்தார்.

முதலாவது எரிந்து மஞ்சள் வட்டம் விழுந்தது. இரண்டாவது சாம்பல் நிறத்தில், பிசுபிசுப்பாக. மூன்றாவது தாளில் ஓட்டை போட்டுவிட்டது. மாமா ஒவ்வொன்றுக்கும் கீழே பேனையால் தமிழில் எழுதினார்: மஞ்சள். சாம்பல். ஓட்டை. பிறகு தாளை மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்துவிட்டு, "மூண்டும் சரியில்லையடா மருமோன்," என்றார்.

அடுத்தநாள் காலை மதாம், எங்கள் வகுப்பு ரீச்சர், வீட்டுப்பாடத்தைக் கேட்டா. நான் தாளை நீட்டினேன். ஏன் எழுதவில்லை என்று கேட்டா. மாமா எங்கள் வீட்டில் துவக்குத் தோட்டா செய்கிறார், வெடிமருந்து சுத்தமா என்று பார்க்க இதை எரித்துவிட்டார் என்றேன்.

நான் எதிர்பார்த்தது வழமையான ஏச்சு. மதாம் ஏசவில்லை. முகம் ஒருமாதிரி மென்மையாகிவிட்டது. கோபக்காரி மதாம் திடீரென்று கோபப்படாமல் விட்டால் அதைவிடப் பயம் வேறில்லை. ஆனால் அன்று எனக்கு அது விளங்கவில்லை, எனக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தேன். என்னைப் பக்கத்தில் இருத்தி, மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேட்டா. இந்த எழுத்துகள் என்ன? எத்தனை தோட்டா செய்தார்? நான் ஒரு மில்லியன் என்றேன். எதற்காம்? சண்டைக்கு, என்று சொல்லிவிட்டு, மான்களோடு, என்று பிறகு சேர்த்தேன். பிறகு சேர்த்ததை அவ எழுதினாவா என்று தெரியவில்லை. தாளை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டா. வீட்டுப்பாடம் எழுதாததற்கு 'முயல்' என்ற சொல்லை மட்டும் நூறு தரம் எழுது என்றா, அந்தப் பத்துச் சொல்லில் அதுதான் கடைசி. லியேவ்ர். லியேவ்ர். லியேவ்ர். நூறு தரம்.

அன்று பின்னேரம் என் பைக்குள் ஒட்டிய உறை ஒன்று இருந்தது, அதிபரிடமிருந்து பெற்றோருக்கு. நான் கேத்திலடியில் பார்த்த வித்தையைச் செய்தேன். வாசித்தேன். பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதி போதுமாயிருந்தது: ஆயுதம், கவலை, பிள்ளையின் பாதுகாப்பு, உடனடியாகத் தொடர்பு கொள்ளவும்.

அப்போதுதான் எனக்கு அம்மாவின் சட்டம் ஞாபகம் வந்தது. மாமாவின் பேரில் ஒரு எழுத்தும் விழக்கூடாது. நான் ஒரு முழுத் தாளே விழுத்திவிட்டேன்.

கடிதத்தை எங்கே ஒளிக்கிறது? அம்மா கட்டிலுக்குக் கீழே கூட்டுவா, அரிசிப் பைக்குள் கைவிடுவா. அம்மாவின் கை போகாத இடம் ஒன்றுதான்: சுவரில் தொங்கிய இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்பக்கம். அங்கே செருகினேன். நாலு நாள் கழித்து இரண்டாவது கடிதம் வந்தது. அதுவும் அங்கேதான்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு பின்னேரமும் அந்தப் படத்துக்கு முன்னால் முழந்தாளில் இருந்து செபமாலை சொல்வோம். செபமாலையின் ஐந்து பகுதியில் வழமையாக நான் முதலாம் தேவ இரகசியத்திலேயே காலை மாற்றி, மூன்றாவதில் சுவரில் சாய்ந்து, ஐந்தாவதில் நித்திரையாகிவிடுகிற ஆள். அந்தக் கிழமை ஆடாமல் அசையாமல் படத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். படச்சட்டம் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றது. ஆண்டவர் தன்னுடைய இருதயத்தை ஒரு விரலால் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அது பின்னுக்குப் பார் பின்னுக்குப் பார் என்று காட்டுகிறது போலவே இருந்தது.

"பிள்ளைக்குப் பக்தி வந்திட்டுது," என்று அம்மா மாமியிடம் போனில் சொன்னா. மாமி என்னோடும் கதைத்தா. அங்கே குளிரோ, என்று கேட்டா. ஒவ்வொரு ஞாயிறும் அதையேதான் கேட்பா. நீங்கள் வாங்கோ, வந்தால் தெரியும் என்று வழமையாகப் பகிடி விடுவேன். அன்று வாயில் ஒன்றும் வரவில்லை. போட்டோவில் நீலச் சேலையோடு சைக்கிளில் சாய்ந்து நின்ற மாமியை, யாரோ விமான நிலையத்தில் மறித்து, அந்த எரிந்த தாளைக் காட்டித் திரும்பிப் போகச் சொல்கிற காட்சிதான் வந்தது.

மாமா ஒன்றும் தெரியாமல் மேசையில் இருந்து தராசில் மருந்து நிறுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இதை விடுங்கோவன்."

"எதை?"

"இந்த மருந்து விளையாட்டை. பொலிஸ் வந்தால் என்ன செய்வீங்கள்?"

மாமாவின் கை தராசுக்கு மேலே அப்படியே நின்றது.

"ஏன்ரா கேக்கிறாய்?"

"சும்மா."

"சும்மா ஒருத்தரும் பொலிஸைப் பற்றிக் கேக்கிறேல்லை," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று அதற்குப் பிறகு ஒரு தோட்டாவும் செய்யவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், அப்பா மேலதிக வேலைக்குப் போயிருந்த நேரம், கீழ்வாசல் மணி அடித்தது. ஓடிப்போய் நான்தான் சுவரில் இருந்த போனை எடுத்தேன். பொலிஸ், என்றது ஒரு தடித்த குரல். இங்கே ஒருத்தரும் இல்லை, என்று சொல்லிவிட்டு வைத்தேன். இரண்டு நிமிசத்தில் எங்கள் கதவையே தட்டிச் சத்தம் கேட்டது. கீழே வேறு யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள்.

வந்தது ஒரே ஆள்தான். பெரிய தொந்தி, நரைத்த மீசை. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேசுக் காலுறையோடு உள்ளே வந்தார். இடுப்பில் துவக்கு, பெருவிரலில் மேசு ஓட்டை. அம்மா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டா. மாமா சோபாவிலிருந்து எழும்பிய விதம் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டு கையையும் உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, விரல்களை விரித்து, மெல்ல எழும்பினார்.

அம்மாவுக்குப் பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மெர்சி', ஓம் என்பதற்கு 'உவி', இந்த மூன்றோடு முடிந்தது. மாமாவுடையது கிடங்குப் பிரெஞ்சு, பெட்டி ஏற்ற இறக்கத் தேவையான அளவு. மொழிபெயர்ப்பு நான். குற்றவாளியே நீதவானாக இருந்து விசாரித்த வழக்கு அது.

முதற் கேள்வியே என் கழுத்துக்கு வந்தது. பள்ளிக்கூடம் இரண்டு கடிதம் அனுப்பியது, ஏன் பதில் இல்லை என்று கேட்டார்.

"என்னவாம்?" என்றா அம்மா.

"பள்ளிக்கூடத்தில நான் எப்பிடிப் படிக்கிறன் எண்டு தெரியுமோ எண்டு கேக்கிறார்."

அம்மா பொலிஸைப் பார்த்து, "உவி, உவி," என்று தலையாட்டினா.

கடிதம் கிடைத்ததாம், வேலை கூடவாம், என்று நான் அவருக்குச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். இவ்வளவு இலேசாக இருக்குமென்று நான் நினைக்கவில்லை. அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் துணிவு வந்தது. எல்லாக் கேள்வியையும் மாமாவிடம் கொண்டுபோகாமல், தெரிந்ததற்கு நானே பதில் சொல்லத் தொடங்கினேன்.

மாமா கழுத்திலிருந்த திறப்பால் பெட்டியைத் திறந்தார். லைசன் அட்டை, கிளப் அட்டை, வகுப்புச் சான்றிதழ், எல்லாம் ஒரு கோப்புக்குள் ஒழுங்காக இருந்தன. அவசரத்தில் கலியாணப் போட்டோவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். பொலிஸ் அதையும் பார்த்துவிட்டு, பெண்சாதி எங்கே என்றார். வரப்போறா, என்றேன். அவர் மருந்து டின்களைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், பூட்டை இழுத்துப் பார்த்தார். எல்லாம் ஓகே என்றார். ஓகே என்ற சொல் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. உடனே குசினிக்குள் போய்த் தேத்தண்ணியும் மீன் ரோலும் கொண்டுவந்தா.

ரோலை வாங்கிக்கொண்டு அவர் பைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். மஞ்சள், சாம்பல், ஓட்டை. மாமா தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், அவருக்கு விளங்கிவிட்டது. நான் ரோல் தட்டைப் பார்த்தேன்.

ஆனால் பொலிஸ் சிரித்தார். தானும் வேட்டைக்காரன்தான், இந்த மான் காலத்தில் காட்டில் நிற்காமல் இங்கே நிற்கவேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொண்டார். இது பழைய காலத்துக் கருமருந்துக்குச் செய்கிற பரீட்சை, என்றார். இந்தக் காலத்து மருந்தை வெளியில் வைத்து எரித்தால் ஒன்றும் தெரியாது. குழலுக்குள் இறுக்கி அடைபட்டு எரிந்தால்தான் அது சுத்தமாக எரியும். திறந்த வெளியில் விட்டால் எந்த மருந்தும் கரிதான். நான் மாமாவுக்கு அதைச் சொன்னேன். மாமா "ஓம்" என்றார்.

பிறகு அவர் இரண்டாவது ரோலைக் கடித்துக்கொண்டே, சும்மா கேட்கிறது போலக் கேட்டார். இந்தப் பழைய வித்தையை உன் மாமா எங்கே பழகினார்? அங்கே, உங்கள் நாட்டில், ஆயுதம் ஏதும் பாவித்தவரோ?

நான் தமிழாக்க வாய் திறக்கவில்லை. தேவையிருக்கவில்லை. ஆயுதம் என்ற அந்தப் பிரெஞ்சுச் சொல் மாமாவுக்கு விளங்கியிருந்தது. அவர் தாளில் இருந்த ஓட்டையை விரலால் தடவினார். அம்மா தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபடியே நின்றா. பொலிஸ் மெல்லுவதை நிற்பாட்டினார். பேனை தாளில் தொட்டுக்கொண்டு நின்றது.

எனக்கு மாமாவில் பாவமாக இருந்தது. ஐயாவின் கதையைச் சொல்லப் பார்க்கிறார், முயலுக்குப் பிரெஞ்சில் என்ன சொல் என்று தெரியாமல் முழிக்கிறார் என்று நினைத்தேன். எனக்கல்லவா அது நூறு தரம் தெரியும்.

"லியேவ்ர்," என்றேன். "முயல் சுட்டவர். அவருடைய அப்பாவோடு."

பொலிஸின் மீசை விரிந்தது. முயலா, என்றார். தன்னுடைய தாத்தாவும் கம்பிக் கண்ணி வைத்து முயல் பிடிப்பாராம், பாட்டி அதை வைன் விட்டுச் சமைப்பாவாம். பேனையை மூடினார். மீன் ரோல் மிகவும் நல்லது என்று அம்மாவிடம் சொன்னார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கதவு சாத்தியதும் மாமா கேட்டார்: "கடைசியா நீ என்ன சொன்னனி?"

"முயல் சுட்டவர் எண்டு."

"வேற?"

"வேற என்ன?"

"வேற ஒண்டும் இல்லை," என்றார். சோபாவில் இருந்தார். என் தலையில் கையை வைத்தார். கை எடுக்க வெகுநேரம் சென்றது. என் பிரெஞ்சுக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா நேரே இருதய ஆண்டவரிடம் போனா. நன்றி சொல்லி முத்தம் கொடுக்கப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினா. இரண்டு கடிதமும் அவவின் காலடியில் விழுந்தன. அம்மாவுக்குப் பிரெஞ்சு எழுத்துத் தெரியாவிட்டாலும் உறையில் இருந்த பள்ளிக்கூட முத்திரை தெரியும். துடைப்பத்தை எடுத்தா. நான் மாமாவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"விடு அக்கா," என்றார் மாமா.

"உன்னாலதானே இவன் இப்பிடி ஆனவன்."

"ஓம், என்னாலதான். விடு."

அம்மா விட்டுவிட்டா. எனக்கு ஆச்சரியம். எங்கள் வீட்டில் துடைப்பம் எடுத்தால் அடிக்காமல் திரும்பி மூலைக்குப் போன சரித்திரம் அதற்கு முதல் இல்லை.

அடுத்த கிழமை மாமா கைமிசினையும் தராசையும் கோதுகளையும் முசியேயின் காரில் ஏற்றிவிட்டார். துவக்கை விற்றார். ஏன் என்று கேட்டேன். "கரி இல்லாத மருந்து கிடைக்கேல்லை," என்றார். நம்பினேன். மூன்று வட்டத்தையும் என் கண்ணால் பார்த்தவன்தானே.

மாமியின் விசா அடுத்த வருடம் இலை துளிர்க்கிற நேரத்தில் வந்தது. மாமி வந்தா, அந்தக் கதிரையில் குந்தினா, அம்மாவின் சட்டம் முடிவுக்கு வந்தது. முதற் கிழமையில் ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், அபூர்வமாக அப்பாவும் இருந்தார். நான் மாமிக்கு என் வீரக்கதையைச் சொன்னேன், மேசு ஓட்டைப் பொலிஸ், மீன் ரோல், மாமா சொல்லுக்குத் திணறியது, நான் முயலால் காப்பாற்றியது, எல்லாம். மாமி கண்ணில் நீர் வரச் சிரித்தா.

"முயலோ? இவரின்ர ஐயா சாகும்வரைக்கும் கடல்தொழில் எல்லோ. அந்தாள் துவக்கைக் கண்ணாலயும் கண்டிருக்காது. முயல் இறைச்சியெண்டால் கிட்டவும் வராது..."

சொல்லிக்கொண்டு வந்தவ மாமாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டா. அம்மா, "சோறு ஆறுது, சாப்பிடுங்கோ," என்றா. அப்பா குனிந்து மீன் முள் எடுக்கத் தொடங்கினார். மாமா தன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து என்னுடையதில் வைத்தார், என்னைப் பார்க்காமலே.

அப்படியென்றால் வெள்ளைத்தாளில் மருந்து எரித்துப் பார்க்க மாமாவுக்கு யார் காட்டிக்கொடுத்தது? அந்தக் கேள்வி எனக்கு வர இன்னும் பத்து வருடம் இருந்தது. வந்த பிறகும் நான் அவரிடம் கேட்டதில்லை. அன்று நான் அந்த மீன் துண்டைப் பிய்த்துத் தின்றுகொண்டு, மேசைக்கு மேலால் மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். எங்கள் வீட்டில் புளுகன் நான் மட்டும் இல்லை.